விரல் நுனியின் சாட்சியம்

மார்பகப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்திவிடலாம் என்ற வாக்கியத்தை இன்று கேளாத காதுகள் சொற்பம். அக்டோபர் மாதம் பிறந்தால் இளஞ்சிவப்பு நாடாவோடு ஊர்வலங்கள் நடக்கின்றன. ஆஸ்பத்திரிச் சுவர்களில் அதே வாசகம் பெரிய எழுத்தில் நிற்கிறது. தென் அந்தமானில், இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியுள்ள போர்ட் பிளேயரின் ஓரத்தில், தமிழும் வங்காளமும் தெலுங்கும் இந்தியும் கலந்து ஒலிக்கும் பத்துபஸ்தியைப் போன்ற ஓர் ஊரில், முப்பது வயது கடந்த பெண்மணி ஒருத்தி பரிசோதனைக்கென்று சுகாதார நிலையத்துக்குப் போனால், அரசாங்கத்தின் திட்டப்படி அவளுக்குக் கிடைப்பது பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண் ஒருத்தியின் கைப்பரிசோதனையே. "சிஸ்டர், மெயின்லேண்டுல மெஷின்ல படம் எடுக்கிறாங்களே, இங்கே கையால பார்த்தாப் போதுமா?" என்று அவள் கேட்பாளேயானால், அது அறியாமையில் பிறந்த கேள்வி அன்று, உலகத்தின் பெரிய வைத்திய ஆராய்ச்சிகள் அரை நூற்றாண்டுக்கு மேலாக விடை தேடிவந்த கேள்வியேயாகும்.

அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. ஆரம்பத்தில் கண்டுபிடிப்பது மெய்யாகவே உயிரைக் காக்கிறதா என்பது ஒன்று. காக்குமாயின், அதற்கு மேமோகிராம் என்னும் எக்ஸ்ரே இயந்திரம்தான் வேண்டுமா, பழகிய விரல்களே போதுமா என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை வெளிப்படை என்று தோன்றும். அவ்வளவு வெளிப்படையான விஷயத்துக்கு நிரூபணம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் வைத்திய சாஸ்திரத்தில் வெளிப்படையாகத் தோன்றிப் பிறகு பொய்யாய்ப் போன அபிப்பிராயங்கள் அநேகம்; ஆகையால் நோயின் இயல்பிலிருந்தே நாம் நிதானமாகத் தொடங்குவது நல்லது.

பெண்ணின் மார்பகத்தில் பால் சுரக்கும் சிறு நுண்ணறைகளும், அவற்றிலிருந்து பாலைக் காம்புக்குக் கொண்டுவரும் நாளங்களும், இவற்றைச் சூழ்ந்த கொழுப்பும் நார்த்திசுவும் இருக்கின்றன. புற்றுநோய் பெரும்பாலும் பால் நாளங்களின் உட்சுவரிலுள்ள உயிரணுக்களில் பிறக்கிறது. உடம்பின் கட்டளைக்கு அடங்கி, வேண்டியபோது பெருகி, வேண்டாதபோது ஓய்ந்திருக்க வேண்டிய உயிரணு ஒன்று, தன் மரபணுக்களில் ஏற்பட்ட பிழைகளால் அந்தக் கட்டுப்பாட்டை இழந்து, ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய்ப் பெருகத் தலைப்படுகிறது. நாளத்தின் சுவரைத் தாண்டாதவரையில் அது உறையிலடங்கிய நிலை. சுவரை உடைத்துக்கொண்டு அக்கம்பக்கத்துத் திசுக்களில் புகுந்த பிறகு அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளையும், இரத்தத்தின் வழியே எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை ஆகிய தூர உறுப்புகளையும் அது சென்றடையக்கூடும். மார்பகத்தில் தோன்றிய கட்டி மார்பகத்திலேயே இருந்துகொண்டு ஒருவரையும் கொல்வதில்லை. தூர உறுப்புகளில் குடியேறிய பிறகே உயிருக்கு அபாயமாகிறது. இந்தப் பயணம் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பதைக் குறிக்கவே முதல் நிலை தொடங்கி நான்காம் நிலை வரை வைத்தியர்கள் படி வகுத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கட்டியில் ஏறத்தாழ நூறு கோடி உயிரணுக்கள் இருக்கும் என்பது வைத்தியர்களின் மதிப்பீடு. ஒரே உயிரணு முப்பது முறை இரட்டித்தால் நூறு கோடியைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு இன்னும் பத்து முறை இரட்டித்தால் கட்டி ஆயிரம் மடங்காகி, ஒரு கிலோகிராம் எடையை எட்டும். ஆகவே விரலுக்கோ படத்துக்கோ புலப்படும்போதே, கட்டி தன் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டது. நாம் ஆரம்பம் என்று சொல்வது நம்முடைய கண்ணுக்கு ஆரம்பமேயன்றி நோய்க்கு ஆரம்பம் அன்று. சில கட்டிகள் சிறிதாயிருக்கும்போதே தூர தேசத்துக்குத் தம் வித்துகளை அனுப்பிவிடுகின்றன. சில பெரிதாகியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அப்படியானால் சற்று முன்னதாகக் காண்பதால் பிரயோஜனம் உண்டா என்ற சந்தேகம் எழுவது இயல்பே.

சந்தேகத்தைத் தீர்க்க, பரிசோதனையில் கண்டுபிடிக்கப்பட்ட பெண்கள் அதன்பின் எத்தனை வருஷம் வாழ்ந்தார்கள், தாமாகவே கட்டியை உணர்ந்து வந்த பெண்கள் எத்தனை வருஷம் வாழ்ந்தார்கள் என்று ஒப்பிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதை அந்தமான்வாசிகளுக்கு நன்கு பழக்கமான ஒரு காட்சியால் விளக்கலாம். சென்னையிலிருந்து வரும் கப்பலுக்காக இருவர் காத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஹாரியட் மலையின் மேல் தொலைநோக்கியோடு நிற்கிறார். மற்றவர் ஹாடோ துறையில் வெறுங்கண்ணோடு நிற்கிறார். மலைமேல் நிற்பவர் கப்பலை முன்னதாகவே பார்த்துவிடுகிறார். துறையில் நிற்பவர் அது நெருங்கிய பிறகே காண்கிறார். கப்பல் கரை சேரும் நேரமோ இருவருக்கும் ஒன்றே. கண்டது முதல் கரை சேரும் வரையிலுள்ள காலத்தை அளந்தால் மலைமேல் நின்றவருக்கு அது நீண்டிருக்கும். ஆனால் அவர் பார்த்ததனால் கப்பல் ஒரு நிமிஷமும் தாமதப்படவில்லை. அதைப் போலவே, அறுபதாம் வயதில் மாளவிருக்கும் ஒரு பெண்ணின் நோயை ஐம்பத்தேழில் கண்டால் மூன்று வருஷமும், ஐம்பத்துநான்கில் கண்டால் ஆறு வருஷமும் அவள் நோயோடு வாழ்ந்ததாகக் கணக்கு வரும். அவள் ஆயுளில் ஒரு நாளும் கூடாமலே கணக்கில் மட்டும் ஆயுள் இரட்டித்துவிடுகிறது. இதை முற்காணல் மயக்கம் என்று சொல்லலாம்.

அதே மலைமேல் நின்று எப்போதாவது ஒரு முறை மட்டும் கடலைப் பார்ப்பவர் கண்ணில் எந்தக் கப்பல்கள் அதிகமாகப் படும்? விரைந்து செல்பவை சீக்கிரம் கடந்துவிடும். மெல்ல ஊர்ந்து செல்பவையே நெடுநேரம் காட்சியில் நிற்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை செய்யும் பரிசோதனையும் அப்படியே மெதுவாக வளரும், இயல்பிலேயே சாதுவான கட்டிகளை அதிகமாகப் பிடிக்கிறது. வேகமாக வளரும் கொடிய கட்டிகள் இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவிலேயே வெளிப்பட்டுவிடுகின்றன. பரிசோதனையில் அகப்பட்டவர்கள் நெடுநாள் வாழ்வதற்கு அவர்களுடைய நோயின் சாதுத்தன்மையே காரணமாக இருக்கலாம். இது மந்தகதி மயக்கம். இன்னும், துறைமுகத்துக்குள் நுழையவே எண்ணமின்றி அப்பால் கடந்துபோகும் கப்பல்களும் மலைமேல் இருப்பவர் கண்ணில் படுகின்றன. பரிசோதனை செய்யாதிருந்தால் ஆயுள் முழுவதும் தெரியாமலே, துன்பம் தராமலே இருந்திருக்கக்கூடிய கட்டிகளும் அவ்வாறே கண்டுபிடிக்கப்பட்டு, அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் உள்ளாகின்றன. அதை மிகைநிர்ணயம் என்கிறோம். மேமோகிராம் பரவலாக நடக்கும் தேசங்களில் இதனால் வீண் சிகிச்சை பெற்ற பெண்கள் உண்டு என்பதை அந்நாட்டு ஆராய்ச்சியாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அளவு எவ்வளவு என்பதில்தான் விவாதம்.

இந்த மூன்று மயக்கங்களையும் ஒருங்கே விலக்கும் உபாயம் ஒன்றுதான். ஒரு பெரிய ஜனக்கூட்டத்தைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பரிசோதனை அளித்து, மறு பாதிக்கு வழக்கமான வைத்தியத்தை மட்டும் விட்டுவைத்து, பல வருஷங்கள் காத்திருந்து, இரு பாதியிலும் அந்நோயால் இறந்தவர்களை எண்ணிப் பார்ப்பது. குலுக்கல் எதற்கு என்றால், பரிசோதனைக்குத் தாமே முன்வருபவர்கள் பெரும்பாலும் படிப்பும் வசதியும் உடம்பைப் பேணும் பழக்கமும் உடையவர்களாதலால், அவர்கள் குறைவாக இறப்பதற்குப் பரிசோதனையைத் தவிர வேறு காரணங்களும் இருக்கக்கூடும். குலுக்கல் அந்தப் பாரபட்சத்தைப் போக்கி, இரு பாதிகளையும் ஏறத்தாழ எல்லா வகையிலும் ஒத்தவையாக்குகிறது.

அத்தகைய முதல் பெரும் சோதனை 1963-ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க்கில் ஒரு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைச் சேர்ந்த சுமார் 62,000 பெண்களிடையே தொடங்கிற்று. மேமோகிராமும் கைப்பரிசோதனையும் சேர்த்து அளிக்கப்பட்ட பாதியில், பத்து வருஷ முடிவில், மார்பகப் புற்றுநோய் மரணங்கள் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தன. முற்காணலுக்கு மெய்யான பயன் உண்டு என்பது அன்று முதன்முதலாக நிரூபணமாயிற்று. ஆனால் இரண்டு முறைகளும் சேர்ந்தே அளிக்கப்பட்டதனால், பயன் இயந்திரத்தினுடையதா, விரலினுடையதா என்பதை அந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பிற்பாடு சீனாவின் ஷாங்காய் நகரத்தில் நெசவாலைகளைச் சார்ந்த 2,66,000-க்கு மேற்பட்ட பெண்களைக் கொண்டு மற்றொரு சோதனை நடந்தது. பெண்கள் தங்கள் மார்பகத்தைத் தாங்களே மாதந்தோறும் சோதித்துக்கொள்ளும் முறையை ஒரு பாதிக்கு ஊக்கமாகக் கற்றுக்கொடுத்தார்கள். 2002-இல் முடிவு வெளியானபோது, இரு பாதியிலும் மரணங்கள் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. கற்றுக்கொண்ட பாதியில் தீங்கற்ற கட்டிகளுக்காகச் செய்யப்பட்ட திசுப் பரிசோதனைகள் மட்டுமே அதிகப்பட்டிருந்தன. நல்லெண்ணத்தோடு கூறப்படும் உபதேசம் ஒவ்வொன்றும் பயன் தரும் என்பதற்கில்லை என்பதை இது உணர்த்திற்று. தன் உடம்பில் தெரியும் மாறுதலைப் பெண் அலட்சியம் செய்யலாகாது என்பது இன்றும் மெய். கால அட்டவணை போட்டுக்கொண்டு செய்யும் சுயபரிசோதனையால் மட்டும் மரணம் குறையும் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை.

இனி நம் தேசத்துக்கு வருவோம். மேல்நாட்டுப் பெண்களைக் காட்டிலும் சராசரியாகப் பத்து வருஷம் முந்தியே இந்தியப் பெண்களுக்கு இந்நோய் தோன்றுகிறது. நம் ஜனத்தொகையில் இளையோர் மிகுதி என்பது அதற்கு ஒரு காரணம். இளம் வயதில் மார்பகத்தில் சுரப்பித் திசு அடர்ந்திருக்கும். எக்ஸ்ரே படத்தில் கொழுப்பு கறுத்தும், சுரப்பித் திசு வெளுத்தும் தெரியும். கட்டியும் வெளுத்தே தெரியும். வெண்மைக்குள் வெண்மை மறைந்துபோவதனால் இளம் பெண்களிடம் மேமோகிராமின் கூர்மை குறைகிறது. இதனோடு இயந்திரத்தின் விலையும், படத்தை வாசிக்கத் தேர்ந்த நிபுணர்களின் பற்றாக்குறையும் சேரும்போது, நூற்று நாற்பது கோடி மக்கள் உள்ள தேசத்துக்கு மேல்நாட்டு வழியை அப்படியே கைக்கொள்வது சாத்தியமில்லை என்பது தெளிவாகும்.

இந்த நிலையை உணர்ந்த மும்பை டாடா நினைவு மையத்தின் அறுவை நிபுணர் இந்திரநீல் மித்ராவும் அவருடைய சகாக்களும், 1998-இல் ஒரு துணிச்சலான சோதனையைத் தொடங்கினார்கள். மும்பையின் குடிசைப் பகுதிகளை 20 கூறுகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் பத்தைப் பரிசோதனைக்கும் பத்தை ஒப்பீட்டுக்கும் ஒதுக்கினார்கள். 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்கள் அதில் இடம்பெற்றார்கள். பரிசோதித்தவர்கள் டாக்டர்கள் அல்லர். அதற்கெனப் பயிற்றுவிக்கப்பட்ட சாதாரணப் படிப்புள்ள சுகாதாரப் பணிப்பெண்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாக நான்கு சுற்றுகள் கையால் பரிசோதித்து, அதன்பின் வீடு வீடாகச் சென்று நலம் விசாரித்துக் கணக்கெடுத்தார்கள். இருபது வருஷ உழைப்பின் முடிவு 2021-இல் வெளியாயிற்று.

அந்த முடிவை உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். பரிசோதனை பெற்ற பகுதியில் நோய் சற்று இளைய வயதிலேயே கண்டறியப்பட்டது. மூன்றாம் நான்காம் நிலையில் வந்தவர்கள் 47 விழுக்காட்டிலிருந்து 37 விழுக்காடாகக் குறைந்தார்கள். மரணங்கள் மொத்தத்தில் 15 விழுக்காடு குறைந்தன. ஆனால் தற்செயலால் அந்த அளவு வேறுபாடு நேர்ந்திருக்க முடியாது என்று திட்டவட்டமாகச் சொல்லும் எல்லையை அது சிறிதளவில் எட்டவில்லை. ஐம்பதும் அதற்கு மேலும் வயதான பெண்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது மரணம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் அத்தகைய குறைவு தென்படவில்லை. வயதுவாரியான இந்தப் பிரிவு முடிவைக் கண்ட பிறகு செய்யப்பட்டதாதலால் அதைச் சற்று நிதானத்தோடுதான் ஏற்க வேண்டும் என்பவர்களும் உண்டு. ஆயினும் நியூயார்க்கில் இயந்திரமும் கையும் சேர்ந்து சாதித்ததற்கு ஒப்பான பலனை, மும்பையின் குடிசைப் பகுதியில், ஐம்பது வயது கடந்த பெண்களிடம் பழகிய விரல்கள் மட்டுமே சாதித்திருக்கின்றன என்பது சாமானியச் செய்தியன்று. பத்துபஸ்திப் பெண்மணியின் கேள்விக்கு இதுவே விடை: கைப்பரிசோதனை ஏழைக்கென்று ஒதுக்கிய மட்டமான சரக்கு அன்று, முறையாகச் செய்யப்படுமாயின் அதற்குத் தனக்கென்று ஒரு நிரூபணம் உண்டு.

முறையாக என்ற அந்த நிபந்தனையில்தான் காரியம் அடங்கியிருக்கிறது. பயிற்சி பெற்ற பணிப்பெண் முதலில் கையை வைப்பதில்லை, கண்ணால் பார்க்கிறாள். பெண்ணை உட்காரவைத்து, கைகளைத் தொங்கவிட்டும், இடுப்பில் ஊன்றியும், தலைக்கு மேல் தூக்கியும் இருக்கச் சொல்லி, இரு மார்பகமும் ஒரே சீராக அசைகின்றனவா, தோலில் எங்கேனும் குழிவோ தடிப்போ சிவப்போ தெரிகிறதா, காம்பு புதிதாக உள்ளிழுத்திருக்கிறதா, இரத்தக் கசிவு உண்டா என்று கவனிக்கிறாள். பிறகு படுக்கவைத்து, ஒரு கையைத் தலைக்குக் கீழே வைக்கச் சொல்லி, நடு மூன்று விரல்களின் நுனியை விட்டு, அடிச்சதையால் சிறு வட்டங்களாகத் தடவுகிறாள். ஒவ்வோர் இடத்திலும் மூன்று அழுத்தம்: தோலின் கீழ் உள்ளதை அறிய மென்மையாக, நடுத்திசுவை அறிய நடுத்தரமாக, விலா எலும்பின்மேல் உள்ளதை அறிய ஆழமாக. காறை எலும்பிலிருந்து மார்பகத்தின் அடிவரை மேலும் கீழுமாக, அக்குளின் ஓரத்திலிருந்து நடுமார்பு வரை ஓர் அங்குலமும் விடாமல் விரல்கள் செல்கின்றன. இறுதியில் அக்குளையும் காறை எலும்பின் மேற்பள்ளத்தையும் தொட்டு முடிச்சுகளைத் தேடுகின்றன. ஒவ்வொரு மார்பகத்துக்கும் சில நிமிஷங்கள் பிடிக்கும். புடவைக்கு மேலாக அவசரமாகத் தொட்டுவிட்டுப் பதிவேட்டில் குறி போடுவது பரிசோதனை ஆகாது.

கட்டி ஒன்று விரலில் தட்டுப்பட்டாலும் அது புற்று என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலான கட்டிகள், விசேஷமாக இளம் பெண்களிடம், தீங்கற்றவை. வலியில்லாத கட்டியாயிற்றே என்று பேசாமல் இருந்துவிடுவதும் தவறு. புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆகவே கைப்பரிசோதனை, ஸ்கேன் அல்லது மேமோகிராம் படம், ஊசி கொண்டு எடுத்த திசுவின் ஆய்வு ஆகிய மூன்றும் சேர்ந்தே முடிவு சொல்ல வேண்டும். விரலின் வேலை சந்தேகத்தை எழுப்புவது. சந்தேகத்தைத் தீர்க்கும் வேலை மற்ற இரண்டினுடையது. விரல் எழுப்பிய சந்தேகத்தைத் தீர்க்க வழியில்லாத இடத்தில் பரிசோதனை செய்வது, கவலையைக் கொடுத்து மருந்தைக் கொடாமல் அனுப்புவதற்குச் சமானம்.

தேசத்தின் கொள்கை இவ்விஷயத்தில் எங்கே நிற்கிறது? 2016-இல் மத்திய அரசாங்கம் வகுத்த நெறிமுறைப்படி, 30 முதல் 65 வயது வரையிலான எல்லாப் பெண்களுக்கும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கைப்பரிசோதனை செய்ய வேண்டும். ஏட்டில் இது விரிவான திட்டம். ஆனால் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் மார்பகப் பரிசோதனை ஒரு தடவையேனும் செய்துகொண்டவர்கள் தேசம் முழுவதிலும் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: மும்பையில் சோதிக்கப்பட்டது இரண்டு வருஷ இடைவெளி, கொள்கையில் உள்ளதோ ஐந்து வருஷ இடைவெளி. பயன் தெளிவாகத் தெரிந்தது ஐம்பது வயதுக்கு மேல். திட்டமோ முப்பதிலிருந்து எல்லோரையும் ஒரே தரத்தில் வைக்கிறது. கைகளும் நேரமும் குறைவாக உள்ள இடத்தில், ஐம்பது கடந்த பெண்களை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் பரிசோதிப்பதும், இளையவர்கள் கட்டி என்று வந்தால் அன்றே கவனித்து மேலே அனுப்புவதும் ஆதாரத்துக்கு இசைந்த வழி என்பது இக்கட்டுரையின் துணிபு.

கண்டுபிடித்தல் பாதிக் காரியமே. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முயற்சியில் மூன்று இலக்குகள் உண்டு: நோயாளிகளில் 60 விழுக்காட்டினராவது முதல் இரண்டு நிலைகளிலேயே கண்டறியப்பட வேண்டும், முதன்முதலாக வைத்தியரிடம் வந்த 60 நாளுக்குள் நோய்நிர்ணயம் முடிய வேண்டும், 80 விழுக்காட்டினர் சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும். இந்த இலக்குகளுக்குத் தீவில் தடையாக நிற்பது தூரம். சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் இடையே சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள். போர்ட் பிளேயரிலுள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு அப்பால் மேற்சிகிச்சை வேண்டி மெயின்லேண்டுக்குப் போகும் குடும்பத்துக்குத் தீவு நிர்வாகம் ஏற்படுத்திய அனிஷி என்னும் காப்பீட்டுத் திட்டம் ஆஸ்பத்திரிச் செலவில் கைகொடுக்கலாம். ஆனால் தங்குமிடமும், இழக்கும் கூலியும், வீட்டில் விட்டுச்செல்லும் குழந்தைகளும் எந்த ரசீதிலும் ஏறுவதில்லை. சிகிச்சை பாதியில் நிற்பதற்கு இவையே பெரும்பாலும் காரணம்.

ஆகையால்தான் சிகிச்சையைச் சுருக்கும் ஆராய்ச்சி, தீவுவாசிகளுக்குப் புது மருந்துக்கு ஒப்பான வரப்பிரசாதம். ஒரு நூற்றாண்டுக்கு முன் அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற அறுவை நிபுணர் வகுத்தபடி, மார்பகத்தையும் மார்புத் தசையையும் அக்குள் முடிச்சுகளையும் ஒருங்கே அகற்றுவதே விதியாயிருந்தது. பெர்னார்ட் ஃபிஷர் என்பவர் 1970-களில் தொடங்கிய குலுக்கல் சோதனைகளில், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு அளித்தாலும், மார்பகம் முழுவதையும் அகற்றினாலும், உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை என்பது தெரிந்தது. 2002-இல் வெளியான இருபது வருஷக் கணக்கும் அதை உறுதிப்படுத்தியது. அதே காலத்தில் ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகை எழுத்தாளர், தாமே அந்நோய்க்கு ஆளானவர், மயக்க நிலையிலிருக்கும் பெண்ணிடம் திசுவைச் சோதித்த கையோடு அவள் சம்மதம் கேளாமலே மார்பகத்தை அகற்றும் வழக்கத்தை எதிர்த்து இடையறாது வாதாடினார். 1979-இல் கூடிய அமெரிக்க நிபுணர் குழுவில் சாதாரணப் பிரஜையாக அவரும் அமர்ந்திருக்க, அந்த வழக்கம் கைவிடப்பட வேண்டும் என்று குழு கூறிற்று. கதிர்வீச்சும் அவ்வாறே சுருங்கிவருகிறது. 15 தவணையாக மூன்று வாரம் அளித்த கதிர்வீச்சை 5 தவணையாக ஒரே வாரத்தில் அளித்தாலும் ஐந்து வருஷத்தில் நோய் திரும்புவது அதிகமாகவில்லை என்று, 4,096 நோயாளிகளைக் கொண்டு பிரிட்டனில் நடந்த சோதனை 2020-இல் காட்டியது. லண்டனில் வசிப்பவருக்கு இரண்டு வாரம் மிச்சம் என்பது வசதி. கடல் கடந்து வந்து சென்னையில் வாடகை அறையில் தங்கியிருக்கும் ஒரு தாய்க்கு அது சிகிச்சையை முடிப்பதற்கும் முடிக்காமல் திரும்புவதற்கும் உள்ள வித்தியாசம்.

நோயாளிகளின் சார்பில் வாதாடும் மரபு நமக்குப் புதிதன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தை ஒரு சங்கற்பமாக மாற்றி, அதிகாரிகளின் அசிரத்தையைப் பொருட்படுத்தாமல் இந்திய மாதர் சங்கத்தின் மூலம் ஜனங்களிடம் நிதி திரட்டி, 1954-இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையத்தைத் திறந்தார். அங்கே தம் ஆயுளைச் செலவிட்ட டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் வி. சாந்தாவும் சிகிச்சையோடு நில்லாமல், நகரத்தில் யாருக்கு எப்போது எந்தப் புற்று வந்தது என்பதைப் பதியும் பதிவகத்தையும் 1980-களின் தொடக்கத்தில் நிறுவினார்கள். கருப்பை வாய்ப் புற்று குறைந்து, மார்பகப் புற்று முதலிடத்துக்கு வந்துவிட்டது என்பதைச் சென்னை அறிந்தது அந்தப் பதிவேட்டினால்தான். 2022-க்கான சர்வதேச மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அவ்வருஷம் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 98,000 பெண்கள் இதனால் மாண்டார்கள். எண்ணாத இடத்தில் இழப்பு தெரிவதில்லை. இழப்பு தெரியாத இடத்தில் கொள்கை பிறப்பதில்லை.

பத்துபஸ்திக்கு அருகே டாலிகஞ்சில் 1983 முதல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல மையம் இயங்குகிறது. போர்ட் பிளேயரில் மருத்துவக் கல்லூரி உண்டு. வீட்டுக்கு வீடு முகம் தெரிந்த ஆஷா பணியாளர்கள் உண்டு. ஜனத்தொகை சிறியதாக உள்ள தீவுகளில், கட்டி கண்ட ஒவ்வொரு பெண்ணையும் அவள் பெயரால் தொடர்ந்து சென்று, படம் எடுத்தாளா, ஊசிச் சோதனை முடிந்ததா, மெயின்லேண்டில் சிகிச்சையை நிறைவு செய்தாளா என்று கேட்பது பெருநகரங்களைவிட எளிது. பரிசோதனை முகாம்களின் எண்ணிக்கையைக் காட்டிலும், சிகிச்சையை முடித்தவர்களின் எண்ணிக்கையே ஒவ்வொரு வருஷமும் ஜனங்கள் முன் வைக்கப்பட வேண்டிய கணக்கு.

வாசகர்களுக்கு, விசேஷமாக ஐம்பது வயதைக் கடந்த தாய்மார்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும், ஒரு வேண்டுகோள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சுகாதார நிலையத்துக்குச் சென்று, முழுமையான கைப்பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். அது தயவன்று, உங்கள் உரிமை. எந்த வயதிலும் புதிய கட்டியோ, தோலில் குழிவோ, காம்பில் இரத்தமோ கண்டால், வலிக்கவில்லை என்று வாளாவிருக்காமல் அந்த வாரத்திலேயே போய்க் காட்டுங்கள். மேலே அனுப்பினால், எங்கே, எந்தத் தேதியில், யார் செலவில், முடிவு எப்போது கிடைக்கும் என்ற நான்கையும் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.